யூனிட் 10 ரூபாய் என்றால் அது மலிவா?

கேள்வி (ஈரோடு வாசகர்):
வணக்கம். அஞ்சலகத் தொடர் வைப்பையும் வங்கி வைப்பு நிதியையும் தவிர வேறெதிலும் பணம் போட்டுப் பழக்கமில்லாத நான், மகளின் மேற்படிப்புக்காக மாதம் 5,000 ரூபாயை 12 ஆண்டுகளுக்கு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. எனும் மாதத் தவணை முறையில் செலுத்த விரும்புகிறேன். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் விசாரித்தபோது, புதிதாக வெளியாகும் பங்குச்சந்தை ஃபண்டின் விண்ணப்பத்தை நீட்டி, "இதில் யூனிட் 10 ரூபாய்தான், பழைய ஃபண்டுகளில் 500 ரூபாய்" என்றார்கள். மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கிவிடலாமா?

காவிரிக்கரையான்:
அது மலிவு அன்று. ஃபண்டின் கையிலுள்ள மொத்தச் சொத்து மதிப்பிலிருந்து செலவுகளைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை; புதிய ஃபண்ட் இன்னும் எதையும் வாங்கவில்லை என்பதால் வழக்கமாக 10 ரூபாயில் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இரண்டு ஃபண்டுகளில் தலா 10,000 ரூபாய் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 10 ரூபாய் ஃபண்டில் 1,000 யூனிட்டும் 500 ரூபாய் ஃபண்டில் 20 யூனிட்டும் கிடைக்கும். குறியீடு 12 சதவீதம் ஏறினால் முன்னது 11.20 ரூபாயாகவும் பின்னது 560 ரூபாயாகவும் மாறும். செலவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டிலும் உங்கள் பணம் 11,200 ரூபாய்தான். பழைய ஃபண்ட் என்றால் 2020 மார்ச் சரிவில் அது எவ்வளவு இறங்கியது, எப்போது மீண்டது என்று பார்த்துக்கொள்ளலாம். புதியதில் பார்ப்பதற்கு விளம்பரத்தைத் தவிர ஒன்றுமில்லை.

சிறுசேமிப்பாளர்:
விண்ணப்பத்தில் ஃபண்டின் பெயருக்குப் பின்னால் 'ரெகுலர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வங்கிக்குப் போகும் கமிஷன் ஃபண்டின் செலவு விகிதத்தில் (ஃபண்டை நடத்தும் செலவுக்காக ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று எடுப்பது) சேர்ந்து, ஒவ்வொரு நாளும் உங்கள் என்.ஏ.வி.யிலிருந்தே கழியும். 2013 ஜனவரியிலிருந்து, கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டத்தையும் வழங்க வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. உங்கள் தவணை ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 16.1 லட்சம் சேரும். கமிஷனால் அது ஒரு சதவீதம் குறைந்து 11 சதவீதம் ஆனது என்றால் 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு சதவீதத்தின் விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

கொங்கு நண்பர்:
கமிஷனே வீண் என்று நான் சொல்லமாட்டேன். சந்தை இறங்கும்போது பதறி எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடக் கூடியவர்களுக்கு, தொலைபேசியில் அழைத்துத் தடுக்கும் நல்ல முகவர் அந்தப் பணத்துக்குத் தகுந்தவர்தான். ஆனால் புதிய வெளியீடு வரும்போது மட்டும் நினைவுகூர்ந்து அழைப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஈரோடு வாசகர்:
அனைவருக்கும் நன்றி. அப்படியானால் எதில் தொடங்குவது?

காவிரிக்கரையான்:
முதல் ஃபண்டுக்கு, செலவு விகிதம் குறைவாக உள்ள நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் திட்டமே போதும் என்பது என் கருத்து. பான் அட்டை இருந்து, கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பும் முடிந்திருந்தால், ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே தொடங்கிவிடலாம். கல்லூரிக் கட்டணம் நெருங்கும் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில், சேர்ந்ததைப் படிப்படியாக வைப்பு நிதிக்கு மாற்றுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளை விற்கும்போது, தற்போதைய விதிப்படி ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், ஆகவே மொத்தமாக ஒரே ஆண்டில் விற்காமல் பிரித்து விற்பது நல்லது.