ரிமோட் கீ வீட்டுக்காரம்மா பையில, வண்டி என்கிட்ட. நடுவுல நான் மாட்டிக்கிட்ட கதை (உதவியும் வேணும்)

பின்சீட்பயணி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், கடுப்புல டைப் பண்றேன் பொறுத்துக்கோங்க.

எட்டு மாசம் முன்னாடி பட்டன் ஸ்டார்ட் வண்டி வாங்கினேன், கீ பைலயோ பாக்கெட்லயோ இருந்தா போதும், நுழைக்க வேணாம். அதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் ஓட்டுனது சாதா சாவி வண்டி. நுழைச்சு திருகினா ஸ்டார்ட், உருவினா ஆஃப், அவ்ளோதான், அதுல யோசிக்கறதுக்கு ஒண்ணும் இருந்ததில்ல.

போன வாரம் காலைல நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்புனோம். கதவ திறந்தது அவங்க, அதனால கீ அவங்க ஹேண்ட்பேக்ல. நான் பாட்டுக்கு கிளட்ச்ச மிதிச்சு பட்டன அமுக்கினேன், ஸ்டார்ட் ஆச்சு, கிளம்பியாச்சு. அவங்கள ஆபீஸ் வாசல்ல இறக்கி விட்டேன், என்ஜின ஆஃப் பண்ணல. அவங்க கதவ சாத்துனதும் மூணு தடவ டிங் டிங் டிங். இந்த வண்டில பெல்ட் போடலன்னா டிங், கோட்ட தாண்டினா டிங், பக்கத்து சீட்ல லேப்டாப் பைய வச்சா அதையும் ஆளுன்னு நெனச்சு டிங், இதுல எந்த டிங்குக்கு என்ன அர்த்தம்னு யாருக்கு தெரியும், நான் கண்டுக்கல. நாப்பது கிலோமீட்டர் போயிட்டு பெட்ரோல் போட நிறுத்தி என்ஜின ஆஃப் பண்ணேன். முடிஞ்சு பட்டன அமுக்கினா திரைல "சாவி கண்டறியப்படவில்லை".

பின்னாடி ஆறு வண்டி, ஹார்ன் மேல ஹார்ன். நான் நியூட்ரல்ல போட்டு உள்ளயே உக்காந்திருந்தேன், மூணு பேர் சேர்ந்து தள்ளி ஓரங்கட்டுனாங்க. அதுல ஒரு பெரியவர் "சாவி இல்லாமயா தம்பி வண்டி எடுத்துட்டு வந்த?"ன்னு கேட்டாரு பாருங்க, அந்த கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. அவங்க மீட்டிங்ல இருந்தாங்க, போன் சைலண்ட்ல. மூணு மணி நேரம் கழிச்சு கீயோட வந்து இறங்குனாங்க. அவங்க ஒண்ணுமே சொல்லல, அதான் இன்னும் பயமா இருக்கு.

இப்ப என் சந்தேகம். கீ வண்டிய விட்டு போயிடுச்சுன்னு தெரிஞ்சும் ஏன் ஓட விடுது? அப்புறம் ரெண்டு நாளா "சாவி பேட்டரி குறைவு"ன்னு வேற வருது, அது மொத்தமா தீந்துட்டா நான் வெளிய நின்னுட்டு என்ன பண்றது, கதவுல சாவி ஓட்டையே காணோமே? இதெல்லாம் ஆஃப் பண்ணிட்டு பழையபடி சாவி போட்டு ஓட்ட ஏதாவது வழி இருக்கா?

ஸ்பேனர்கை:

பதினெட்டு வருஷமா ஒர்க்‌ஷாப்ல இருக்கேன் சார், மாசத்துக்கு ஒரு தடவயாவது இதே கேஸ் வருது, வெக்கப்படாதீங்க.

முதல் கேள்வி. கீ இல்லன்னா என்ஜின் நின்னுடணும்னு வச்சா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. ஹைவேஸ்ல போகும்போது கீல செல் தீந்துச்சுன்னா, இல்ல சிக்னல் ஒரு நொடி விட்டுச்சுன்னா, என்ஜின் ஆஃப், பவர் ஸ்டியரிங் இருக்காது, பிரேக்க லேசா மிதிக்க உதவுற பூஸ்டரும் ரெண்டு மூணு மிதிக்கு மேல தாங்காது. அதனால வேணும்னேதான் ஓட விடுறாங்க. வண்டி கீ உள்ள இருக்கான்னு பாக்கறது முக்கியமா ஸ்டார்ட் பண்றப்பவும் கதவ திறந்து சாத்துறப்பவும்தான். அந்த மூணு டிங் அதான். வேல நடந்திருக்கு, சொல்ற விதம்தான் மோசம். ஒரு வார்த்தை "சாவி வெளிய போகுது"ன்னு குரல்ல சொன்னா முடிஞ்சுது, ஆனா சொல்லாது, டிங்தான்.

கீ எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா மீதி புரிஞ்சுடும். வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் வாக்குல ஒரு சின்ன சிக்னல் விடும், ஒண்ணு ரெண்டு மீட்டருக்கு மேல போகாது. அத கேட்டதும் கீ முழிச்சு 433 மெகாஹெர்ட்ஸ்ல பதில் சொல்லும், சில நாட்டுல 315. பதில் சொல்லத்தான் செல் வேணும். ஆனா கீக்குள்ள தனியா ஒரு இம்மொபிலைசர் சிப் இருக்கு, இது சரியான கீதான்னு வண்டிக்கு காட்டுறது அதான், அது இல்லாம என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அதுக்கு செல்லே தேவையில்ல, வண்டில இருக்கற காயில் பக்கத்துல கொண்டு போனா அங்கிருந்தே கரண்ட் எடுத்துக்கும்.

அதனால செல் தீந்தா பயப்படாதீங்க. கீயோட பின்பக்கமோ பக்கவாட்டுலயோ ஒரு குட்டி லாட்ச் இருக்கும், அத தள்ளினா உள்ள இருந்து இரும்பு சாவி ஒண்ணு வரும். டிரைவர் கதவு கைப்பிடி முனைல பெயிண்ட் அடிச்ச ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கீழ ஒரு சின்ன வெட்டு இருக்கான்னு விரலால தடவி பாருங்க, அந்த சாவி முனைய அதுல விட்டு நெம்புனா மூடி வரும், உள்ள ஓட்டை. திறந்ததும் அலாரம் கத்தலாம், கத்தட்டும். உள்ள உக்காந்து கீயோட மூக்க ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சு கிளட்ச்ச மிதிச்சு அமுக்குங்க. பல வண்டில இதான் முறை, சிலதுல கப் ஹோல்டர்லயோ ஸ்டியரிங் தண்டு பக்கத்துலயோ இடம் இருக்கும், உங்க புக்குல போட்டிருப்பான்.

செல் மாத்தும்போது பழசுல இருக்கற நம்பர பாத்து வாங்குங்க. நிறைய கீல சிஆர்2032. அந்த நம்பர்லயே அளவு இருக்கு, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025ம் அதே அகலம்தான் ஆனா கனம் 2.5, போட்டா உக்காரும், ரெண்டு நாள் வேல செய்யும், அப்புறம் ஆட ஆரம்பிச்சு காண்டாக்ட் விட்டு விட்டு கிடைக்கும், "கீக்குள்ள இருக்கற சர்க்யூட் போச்சு"ன்னு எங்ககிட்ட தூக்கிட்டு வருவாங்க. வீட்ல குழந்தை இருந்தா கழட்டுன செல்ல மேஜைல போடாதீங்க. முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய அரிச்சுடும், விளையாட்டில்ல.

பழைய சாவி முறைக்கு மாத்தலாமான்னா, முடியாது சார். ஸ்டியரிங் பக்கத்துல ஓட்டையே இல்லாத வண்டில எங்க போய் நுழைக்கறது.

வேகத்தடை:

கீய விடுங்க பாஸ். ஏசிய ஒரு டிகிரி கூட்டறதுக்கு திரைல மூணு பக்கம் தாண்ட வேண்டியிருக்கு. பழைய வண்டில திருகு ஒண்ணு இருக்கும், கண்ண ரோட்ல வச்சுட்டே கை தானா போய் திருகும், விரலுக்கு தெரியும் அது எங்க இருக்குன்னு. இப்ப வழவழன்னு கண்ணாடி, குழில வண்டி ஒரு குதி குதிச்சா விரல் வேற எதையோ தொட்டு ரேடியோ அலறுது.

இது நம்ம பொலம்பல் மட்டும் இல்ல. 2022ல ஸ்வீடன்ல ஒரு கார் பத்திரிகைக்காரங்க டெஸ்ட் பண்ணாங்க, 110 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டே ஹீட்டர் கூட்டு, ரேடியோ ஸ்டேஷன் மாத்துன்னு நாலு வேல. பதினோரு புது வண்டியோட ஒரு 2005 வோல்வோவையும் சேத்துக்கிட்டாங்க. பழைய வோல்வோல நாலும் 10 நொடில முடிஞ்சுது, அதுக்குள்ள வண்டி போன தூரம் 306 மீட்டர். இருக்கறதுலயே மோசமா பண்ண புது வண்டில 44.9 நொடி, 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல பாதி கண்ண மூடிட்டு ஓட்டுறதுக்கு சமம் அது.

ஐரோப்பால வண்டிகளுக்கு பாதுகாப்பு ஸ்டார் குடுக்கற யூரோ என்கேப்காரங்களே 2026ல இருந்து இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹார்ன், வைப்பர், எமர்ஜென்சி கால், இந்த அஞ்சுக்கும் நிஜமான பட்டன் இல்லன்னா முழு மார்க் கிடையாதுன்னுட்டாங்க. ஹார்னுக்கு பட்டன் வேணும்னு சட்டம் மாதிரி சொல்ற நிலைமைக்கு வந்துட்டோம்.

நாலாவதுகியர்:

எல்லாரும் பழச தூக்கி பேசுறீங்க, எனக்கு ஒத்துவரல. பழைய சாவி ஒண்ணும் யோக்கியம் இல்ல. உள்ள வச்சு பூட்டிட்டு ஜன்னல் இடுக்குல கம்பி விட்டு போராடுனது மறந்து போச்சா? நான் ரெண்டு தடவ பண்ணிருக்கேன், ஒரு தடவ மழைல. ஸ்க்ரூட்ரைவர் வச்சு திருடிட்டு போவானுங்க அப்பல்லாம், இம்மொபிலைசர் வந்தப்புறம்தான் அது கொறஞ்சுது. எங்கம்மாவுக்கு கைல மூட்டுவலி, சாவிய திருக முடியாது, பட்டன் வந்தப்புறம்தான் அவங்க திரும்ப ஓட்டவே ஆரம்பிச்சாங்க. அவங்ககிட்ட போய் பழைய சாவிதான் நல்லதுன்னு சொல்லி பாருங்க.

திரை விஷயத்துல வேகத்தடை சொல்றது சரி, அதுல சண்டை இல்ல.

ராத்திரிஷிஃப்ட்:

நாலாவதுகியர், ஸ்க்ரூட்ரைவர் போச்சு சரி, ரிலே வந்துச்சே அத யாரும் சொல்லலயே. வீட்டு வாசப்பக்கம் ஒருத்தன் ஒரு டப்பாவோட நிப்பான், வண்டிகிட்ட இன்னொருத்தன். ஸ்பேனர் அண்ணன் சொன்ன அந்த ரெண்டு மீட்டர் சிக்னல இவனுங்க நீட்டி வீட்டுக்குள்ள இருக்கற கீ வரைக்கும் கொண்டு போயிடுவாங்க. வண்டி என்னமோ கீ பக்கத்துல நிக்குதுன்னு நெனச்சு திறந்து ஸ்டார்ட்டும் ஆயிடும். கீயோட ரகசிய கோட உடைக்கவே வேணாம். 2011லயே ஸ்விட்சர்லாந்து சூரிச்ல இருக்கற ஈடிஎச் யுனிவர்சிட்டி ஆளுங்க 10 மாடல் வண்டில இத பண்ணி காட்டிட்டாங்க, பத்தும் திறந்துச்சு.

அதனால கீய வாசல் பக்கத்து ஆணில மாட்டாதீங்க. சிக்னல் தடுக்கற பை விக்குது, வாங்குனா நம்பி விட்டுடாதீங்க, கீய உள்ள போட்டு மூடி வண்டி பக்கத்துல நின்னு கைப்பிடிய தொட்டு பாருங்க. திறந்துச்சுன்னா அது வெறும் பர்ஸ். நான் வாங்குன முதல் பை அப்படித்தான், ஒரு வருஷம் நிம்மதியா தூங்கிருக்கேன் அத நம்பி 🤦 சில புது கீ அசையாம கொஞ்ச நேரம் இருந்தா தானா தூங்கிடும், உங்களுது அப்படியான்னு பாத்துக்கோங்க, அப்ப பையே வேணாம்.

பின்சீட்பயணி:

அப்டேட். ஸ்பேனர் அண்ணா ரொம்ப நன்றி, இன்னிக்கு லீவு, உக்காந்து எல்லாத்தையும் பண்ணி பாத்தேன்.

மூடி இருந்துச்சு! எட்டு மாசமா கைப்பிடின்னு நெனச்சு தொட்டுட்டு இருந்த இடம் மூடி. நெம்புனதுல ஓரத்துல பெயிண்ட் ஒரு அரிசி அளவு பேந்துடுச்சு, அது தனி வயித்தெரிச்சல். சாவி உள்ள போச்சு, திரும்பல, ஒரே தூசி, லூப்ரிகண்ட் ஸ்ப்ரே அடிச்சு ஆட்டி ஆட்டி திருப்புனப்புறம் திறந்துச்சு, திறந்த நொடி அலாரம். பக்கத்து வீட்டு மாடில ஒரு தலை எட்டி பாத்துச்சு, நான் என் வண்டிதாங்கன்னு கைய ஆட்டுனேன்.

அதுக்கப்புறம்தான் மேட்டர். புக்க தேடி க்ளவ் பாக்ஸ துழாவுனா புக்குக்கு அடில ரெண்டாவது கீ. வண்டி எடுக்கும்போது ரெண்டு குடுத்தாங்க, ஒண்ணு பீரோல இருக்குன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன், அவங்க என்கிட்ட இருக்குன்னு நெனச்சுட்டு இருந்தாங்க. டெலிவரி எடுத்த நாள்ல இருந்து அது அங்கேயே கிடந்திருக்கு. எந்த பட்டன அமுக்கினாலும் லைட் எரியல, செத்து போச்சு.

ஸ்பேனர்கை:

வண்டிக்குள்ளயே கிடந்தா சாகாம என்ன பண்ணும் சார், வண்டி கூப்பிட்டுட்டே இருக்கும் அது பதில் சொல்லிட்டே இருக்கும். முதல்ல அத வெளிய எடுங்க, கண்ணாடி உடைச்சவனுக்கு பரிசு குடுத்த மாதிரி ஆயிடும். ஆனா ஒண்ணு, செல்தான செத்துச்சு, சிப் சாகலயே. அத பட்டன் மேல வச்சு அமுக்கி பாத்தீங்களா?

பின்சீட்பயணி:

பாத்தேன் அண்ணா. முதல் அமுக்குலயே ஸ்டார்ட் ஆச்சு.

அன்னிக்கு மூணு மணி நேரம் அது என் முழங்காலுக்கு நேர் எதிர்ல இருந்திருக்கு. இத வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல. சொல்லாம இருக்கறதுக்கு ஏதாவது வழி இருந்தா அதுக்கு தனியா ஒரு கேள்வி போடுறேன்.