தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன

மடிப்பாக்கம் மீன்:

வணக்கம். எட்டு மாதமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய தொட்டி, ஆறே நாளில் மூன்று மீன் போய்விட்டது. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம். உள்ளே ஒட்டுகிற பவர் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். நான்கு கோல்டு ஃபிஷ், நான்கு மாலி, ஒரு சக்கர் (கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன்) இருந்தன.

போன ஞாயிறு சாயங்காலம் மொத்தமாகச் சுத்தம் செய்தேன். பாசி பிடித்துப் பார்க்கவே சகிக்கவில்லை, அதனால் கல்லையெல்லாம் வெளியே எடுத்து அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து, ஏறக்குறைய முழுத் தண்ணீரையும் மாற்றினேன். அன்று ராத்திரியே எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின, விடிவதற்குள் இரண்டு மாலி செத்துவிட்டன. மறுநாள் மற்றவை கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன். புதன்கிழமை பார்த்தால் ஆரஞ்சு கோல்டு ஃபிஷின் செவுள் மூடியில் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். கடையில் போட்டோ காட்டினேன், வெள்ளைப்புள்ளி நோய் என்று நீல மருந்து கொடுத்தார்கள், ஊற்றினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கோல்டு ஃபிஷ் போய்விட்டது. மிச்சம் இருப்பவற்றின் வாலில் ரத்தக் கோடு மாதிரி சிவப்பாக ஓடுகிறது, எல்லாம் மூலையில் போய் ஒடுங்கிக் கிடக்கின்றன.

வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்று அம்மா சொல்கிறார். எனக்கு மனது கேட்கவில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கவா?

கப்பி காதலன்:

வெள்ளைப்புள்ளி வேகமாகப் பரவும் ப்ரோ. மருந்தை இரண்டு மடங்கு ஊற்றுங்கள். சென்னை போர் தண்ணீர் மீனுக்கே ஆகாது, முழுக்க ஆர்ஓ தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

பழைய சக்கர்:

இரண்டையுமே செய்யாதீர்கள், தயவுசெய்து.

முதலில் அந்தப் புள்ளி. அது செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் இருக்கிறதா, உடம்பு, வால் எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது நோயே இல்லை. வளர்ந்த ஆண் கோல்டு ஃபிஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அங்கே வெள்ளை முத்துகள் வரும், தானாகப் போகும். நிஜமான வெள்ளைப்புள்ளி இடம் பார்க்காமல் உப்புத் தூவிய மாதிரி உடம்பு முழுக்கக் கிளம்பும், மீன் போய்க் கல்லில் உரசிக்கொள்ளும். இந்தக் குழப்பத்தில் வருஷத்துக்கு எத்தனை ஆண் மீன்கள் சும்மா மருந்து குடிக்கின்றனவோ.

உங்கள் மீன்களுக்கு அடி ஒன்றல்ல, இரண்டு என்று நினைக்கிறேன். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து தவித்தன என்றால் அது நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, நோய் இப்படி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பிடிக்காது. புதுத் தண்ணீரில் ஏதோ இருந்திருக்கிறது, என் சந்தேகம் குளோரின். அந்த வார இறுதியில் உங்கள் அபார்ட்மெண்டில் சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) கழுவினார்களா, லாரித் தண்ணீர் இறக்கினார்களா? விசாரியுங்கள்.

இரண்டாவது அடி மெதுவானது. மீனின் கழிவு, செவுளிலிருந்து வருவது, மிச்சமாகிற தீனி எல்லாம் அம்மோனியாவாகும். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியா ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், கடைசியது அளவோடு இருந்தால் பாதகமில்லை. இந்தக் கூட்டம் ஒரு தொட்டியில் நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எட்டு மாதமாகச் சேர்ந்ததை நீங்கள் ஒரே சாயங்காலத்தில் குழாயடியில் கழுவி ஊற்றிவிட்டீர்கள் (கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஆரம்பத்தில் இதையேதான் செய்தேன்). தப்பிப் பிழைத்திருந்த கொஞ்சநஞ்சமும் நீல மருந்தில் அடிபட்டிருக்கும். அது மெத்திலீன் ப்ளூவாக இருந்தால் இந்தப் பாக்டீரியாவுக்கும் எதிரி, அதைத் தனித் தொட்டியில்தான் போட வேண்டும்.

டெஸ்ட் செய்தீர்களா? எத்தனை வந்தது? எண் இல்லாமல் இனி ஒரு சொட்டு மருந்தும் வேண்டாம். ஆர்ஓ பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் ஆர்ஓ தண்ணீரில் உப்புச்சத்தே இருக்காது. கோல்டு ஃபிஷும் மாலியும் கடினத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கிற மீன்கள், நம் போர் தண்ணீர் அவற்றுக்கு எதிரி இல்லை.

மடிப்பாக்கம் மீன்:

புள்ளி நீங்கள் சொன்ன இடத்தில் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை!

அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் மேலே போய்ப் பார்த்தேன். ஞாயிறு காலை சம்ப் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறோம், இன்று மட்டும் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். நாற்பது குட் மார்னிங் படத்துக்கு நடுவில் அதை யார் பார்ப்பது.

கடையில் டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கினேன். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 8க்கு மேல், கடினத்தன்மை அதிகம், மற்றது எல்லாம் சரி என்று காட்டுகிறது. அப்படியானால் அம்மோனியா இல்லை என்றுதானே அர்த்தம்?

பழைய சக்கர்:

அம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த ப்ளீச்சிங் பவுடரை மீன்தான் வாங்கிக்கொண்டது.

ஸ்ட்ரிப் டப்பாவில் என்னென்ன பார்க்கும் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், நிறைய ஸ்ட்ரிப்பில் அம்மோனியாவுக்குக் கட்டமே கிடையாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கிற லிக்விட் கிட் வாங்குங்கள். கொளத்தூர் பக்கம் போனால் கட்டாயம் கிடைக்கும்.

பிஎச் 8க்கு மேல் என்பதைக் கவனியுங்கள். கிட் காட்டுகிற அம்மோனியா முழுவதும் விஷமில்லை, அதில் ஒரு பங்குதான் செவுளைச் சுடும், அந்தப் பங்கு பிஎச்சும் வெப்பமும் ஏற ஏறக் கூடும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட இராது, 8.2 என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல். அதனால் வேறொருவர் தொட்டியில் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) இருந்தும் மீன் பிழைத்தது என்று எங்காவது படித்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கிட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பெரிய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கிற தயோசல்ஃபேட்டைப் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்குக் கலக்கி, பாதித் தண்ணீரை இப்போதே மாற்றுங்கள். நாளைக்கு மறுபடியும் பாதி. மாற்றுகிற தண்ணீர் தொட்டிச் சூட்டிலேயே இருக்கட்டும், மத்தியான நேரத்து ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரை நேராக ஊற்றினால் அது வெந்நீர். இரண்டு மூன்று நாள் தீனி போடாதீர்கள், பட்டினியால் கோல்டு ஃபிஷ் செத்ததை நான் பார்த்ததில்லை. ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடட்டும். தெரிந்தவர் யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால் அவர்களுடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் திணியுங்கள். இதைவிடப் பெரிய மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

சிறுவாணிக்காரன்:

கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. சிறுவாணித் தண்ணீர் ரொம்ப மென்மை, குடிக்க அமிர்தம், ஆனால் அமிலத்தைத் தாங்கும் சக்தி குறைவு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேரும், என் தொட்டியில் பிஎச் 6க்குக் கீழே இறங்கி, பாக்டீரியாவே படுத்துவிட்டது. அம்மோனியா ஏறியும் பிஎச் குறைவாக இருந்ததால் மீனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு நாள் ஆசையாகப் போர் தண்ணீரில் முக்கால் தொட்டி மாற்றினேன், பிஎச் சட்டென்று ஏறியதும் உள்ளே இருந்த அம்மோனியா விஷமாக மாறி, ஒரு மணி நேரத்தில் பதினோரு டெட்ரா மீன் செத்துவிட்டன. இப்போது ஃபில்டருக்குள் ஒரு சின்னப் பையில் கழுவிய கிளிஞ்சல் போட்டு வைத்திருக்கிறேன், மெதுவாகக் கரைந்து பிஎச்சைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கடினத் தண்ணீருக்கு இது தேவையில்லை, மென்தண்ணீர் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்று சொல்கிறேன்.

மடிப்பாக்கம் மீன்:

கிட் வந்துவிட்டது. அம்மோனியா 2க்கும் 4க்கும் நடுவில் ஒரு கரும்பச்சை. இரண்டாவது தண்ணீர் மாற்றிய பிறகு 1. நைட்ரைட் 0.25. குழாய்த் தண்ணீரையும் தனியாகப் பார்த்தேன், அம்மோனியா 0.

பழைய சக்கர்:

குழாயில் 0 என்றால் எல்லாம் தொட்டிக்குள்ளேயே உண்டாவதுதான். 0.25க்குக் கீழே வரும்வரை தினமும் மாற்றுங்கள். அடுத்து நைட்ரைட் ஏறும், பயப்படாதீர்கள். அது செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க முடியாமல் ஆக்கிவிடும், செவுள் பழுப்பாகத் தெரியும். உப்பில் உள்ள குளோரைடு அதை உள்ளே விடாமல் மறிக்கும். உங்கள் தொட்டியில் கல், இடைவெளி போகச் சுமார் 60 லிட்டர் இருக்கும், சாதாரணக் கல் உப்பு 60 கிராம், இன்று பாதி, நாளை பாதி, தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பிறகு எத்தனை லிட்டர் மாற்றுகிறீர்களோ அத்தனை கிராம் மட்டும் திரும்பச் சேருங்கள். நீல நிறம் போக ஃபில்டரில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன்.

கப்பி காதலன்:

ஆண் மீனுக்கு முத்து வரும் விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும். மன்னிக்கவும் ப்ரோ, நானும் ஒன்றை இப்படி மருந்து ஊற்றியே கொன்றிருக்கிறேன் போல.

மடிப்பாக்கம் மீன்:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். வேளச்சேரியில் ஒரு நண்பர் ஸ்பாஞ்ச் துண்டு கொடுத்தார். அம்மோனியா ஒன்பதாம் நாள் 0 ஆனது, நைட்ரைட் 1 வரை போய் மூன்றாவது வாரம் இறங்கியது, இப்போது இரண்டும் 0. அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை. வாலில் சிவப்புக் கோடு போய்விட்டது, ஓரம் மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஸ்பாஞ்சை இப்போது மாற்றுகிற தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அமுக்கி எடுக்கிறேன். அசோசியேஷன் செயலாளரிடம் சம்ப் கழுவுவதற்கு முந்தின நாளே போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், சிரித்தார், ஆனால் செய்கிறேன் என்றார்.

இன்னொன்று. சக்கர் எட்டு அங்குலம் ஆகிவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

பழைய சக்கர்:

ஐயோ, வேண்டாம். அது இந்த ஊர் மீனே இல்லை, தென்னமெரிக்கா. நம் ஏரிகளில் ஏற்கெனவே பெருகி, மீனவர் வலையை அதன் முள் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு தராவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். அது போனாலே உங்கள் ஃபில்டருக்குப் பாதிப் பாரம் குறையும்.