சொறி உண்ணி: உங்கள் ஆடு, நாய், கோழியில் கண்டதை எழுதுங்கள்

திருத்துறைப்பூண்டி ஆட்டுக்காரர்:
சந்தையில் பிடித்த வெள்ளாடு, காதோரமெல்லாம் சொறி. கொட்டகைத் தூணில் இரவெல்லாம் உரசிக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால், சரியாக அதன் காது உயரத்தில் தூண் வழவழவென்று தேய்ந்து, மயிரும் இரத்தமும் ஒட்டியிருந்தன. அந்தத் தூணைக் கண்டால் இன்றும் மனம் பதறுகிறது. மருத்துவர் இரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் காட்டினார்: உருண்டையாக, எட்டுக் காலோடு நகர்ந்தது. தோலைக் குடைந்து உள்ளேயே முட்டையிடுமாம். ஊசி போட்டார்.

கும்பகோணம் கோழிப்பண்ணை:
எங்கள் சேவலுக்குக் காலில் வந்தது. செதிலெல்லாம் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பில் தோய்த்த கால் போல ஆகிவிட்டது. நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றித் தூக்கும். வயதானால் அப்படித்தான் என்றார்கள், நான் நம்பவில்லை. வெந்நீரில் ஊறவைத்து வேப்பெண்ணெய் தடவத் தடவச் செதில் உதிர்ந்தது. ஆட்டுக்கு ஊசி எதற்கு? பழைய இன்ஜின் ஆயில் போதுமே.

மயிலாடுதுறை வாசகி:
ஐயா, தயவுசெய்து இன்ஜின் ஆயிலைச் சொல்லாதீர்கள். ஆடு நக்கினால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும். எங்கள் நாய்க்குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டியது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தெருவில் விடச் சொன்னார்கள். அது மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற உண்ணி. தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, மனிதருக்கு ஒட்டாது. முதலில் எழுதியவரின் ஆட்டுக்கு வந்தது தோலைக் குடையும் சார்காப்டிஸ் உண்ணியாகத்தான் இருக்கும். அது மந்தை முழுக்கப் பரவும், தொட்டவர் கையிலும் அரிக்கும். ஆகவே கூட நிற்கும் ஆடுகளையும் காட்டுங்கள். இதற்கு ஊசியாகப் போடும் ஐவர்மெக்டின் மருந்து உண்ணியின் முட்டையைக் கொல்லாது. மருத்துவர் சொன்ன நாளில் மறு ஊசி போட்டே தீர வேண்டும். பாலை எப்போது குடிக்கலாம் என்றும் கேளுங்கள். ஆட்டுக்குப் போட்டது மிச்சம் என்று நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். கோலி இன நாய்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும். நாய்க்குச் சார்காப்டிஸ் சந்தேகம் இருந்தால், காது மடல் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழும்பினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வேதாரண்யம் முயல் வளர்ப்பு:
முயலுக்கும் வரும். காதுக்குள் பொருக்கு அடுக்கடுக்காக மண்டி, தலையைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தது. மருத்துவர் விரல் பட்டதும் வீறிட்டது பாருங்கள், முயலுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்றே எனக்குத் தெரியாது. பிய்க்க வேண்டாம், மருந்து பிடித்தால் தானே உதிரும் என்றார், உதிர்ந்தது. சாய்ந்த தலை மட்டும் இன்னும் முழுதாக நிமிரவில்லை. யாருடைய முயலுக்காவது நிமிர்ந்ததா?