எல்லை தாண்டிய சிகிச்சை: முதலில் காசு யார் கட்டுவது?

மாறன்77: "எல்லையைத் திறந்தால் அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு தானாகக் குறையும்" என்று போன வாரம் கடலோடி எழுதியிருந்தார். தானாகவாம்! ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் கொண்டுவந்த நோயாளர் உரிமை உத்தரவை ஒரு தடவையாவது புரட்டினாரா? பக்கத்து நாட்டில் சிகிச்சை எடுத்தால் முதலில் கைக்காசைக் கட்ட வேண்டும். பிறகு, உள்நாட்டில் எவ்வளவு தருவார்களோ அந்த அளவுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். வசதியுள்ளவன் வரிசையைத் தாண்டுவான், மற்றவன் அங்கேயே நிற்பான்.

கடலோடி: வாங்க மாறன், பாதி படித்துவிட்டு முழுத் தீர்ப்பு சொல்லும் பழக்கம் போகவில்லை போல. வேறு ஐரோப்பிய நாட்டில் சிகிச்சை பெற எஸ்2 படிவம் என்று ஒன்று உண்டு. முன்அனுமதி வாங்கினால் காப்பீடே நேராகக் கட்டிவிடும்.

மாறன்77: அனுமதி கிடைக்காதவனுக்கு? முதலில் யார் கட்டுவது?

கடலோடி: பிரான்ஸ் எல்லையை ஒட்டி, ஸ்பெயினின் புய்க்செர்டாவில் செர்டான்யா மருத்துவமனை 2014 முதல் நடக்கிறது. இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்துவது. பிரான்ஸ் பக்கத்து மலைவாசிகள் அவசரத்துக்குத் தொலைவில் உள்ள பிரெஞ்சு நகரமான பெர்பிஞ்ஞான் வரை ஓட வேண்டியதில்லை. போதுமா?

மாறன்77: அங்கே பிறந்த பிரெஞ்சுக் குழந்தையை எந்த நாட்டில் பதிவது என்றே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரு பள்ளத்தாக்கைக் காட்டி ஒரு தேசத்தையே திருத்தப் பார்க்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் எங்கே?

செவிலி_அல்லி: இரண்டு பேரும் நோயாளியை மட்டுமே பயணம் அனுப்புகிறீர்கள். கொடையாக வரும் உடலுறுப்புகளை நாடுகளுக்கிடையே பகிரும் யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பு 1967-ல் தொடங்கியது, இப்போது அதில் 8 நாடுகள். அங்கே எல்லை தாண்டுவது உறுப்பு. எதிர்ப்பொருள் (பிறர் உறுப்பைத் தாக்கும் ரத்தப் புரதம்) அதிகமுள்ள சிறுநீரக நோயாளிக்குச் சொந்த நாட்டுக் கொடையாளர்களுக்குள் பொருத்தம் அமைவதே அபூர்வம். வட்டம் பெரிதானால்தான் அவருக்கு வாய்ப்பு.

மாறன்77: நல்ல தகவல், தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி, முதலில் யார் கட்டுவது.

செவிலி_அல்லி: தலைப்பில் "எல்லை தாண்டிய சிகிச்சை" என்று இருந்ததால் உள்ளே வந்தேன். உங்கள் பணப்பெட்டிக் கணக்கு மட்டும்தான் என்று தெரியாது.

கடலோடி: தடுப்பூசி இழையிலும் இதே கதை. ஒரே வரியை நாற்பது தடவை ஒட்டி எல்லாரையும் விரட்டினார்.

மாறன்77: அந்த இழையில் என் பதிவுகளை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநரிடம் புகார் கொடுத்தது யார், கடலோடி? அதையும் இங்கேயே சொல்லுங்களேன்.

கடலோடி: புகார் கொடுத்தேன், திரும்பவும் கொடுப்பேன்.

மாறன்77: கொடுங்கள். அதற்குமுன் பதில்: முதலில் யார் கட்டுவது?