கத்திரி முடியும் நேரம்: உள்மாவட்ட வெயில், கடலோரப் புழுக்கம், மாலை இடிமழை வாய்ப்பு

கேள்வி – கொண்டல்_கிழக்கு

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் வந்துவிட்டது. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று தினமும் 40 டிகிரிக்கு மேல் பட்டியல் வருகிறது. கோவையும் தென்காசியும் அதற்குள் குளிர ஆரம்பித்துவிட்டன. சென்னை 37, 38-இல் நிற்கிறது, ஆனால் புழுக்கம் தாங்கவில்லை.

இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும். முதலாவது, இந்த ஊர்களின் உச்ச வெப்பத்தை நியாயமாக ஒப்பிடுவது எப்படி? வெறும் டிகிரியை வைத்து வேலூர்தான் மோசம் என்று சொல்லிவிடலாமா? இரண்டாவது, இன்னும் மூன்று வாரத்துக்கு வட தமிழகத்தில் மாலை இடிமழை வாய்ப்பை அன்றன்று காலையிலேயே எடை போட எதை எதைப் பார்க்க வேண்டும்? கணினி வானிலை மாடல்களின் மழை வரைபடம் ஒரு நாள் காஞ்சிபுரத்தில் 5 செ.மீ. காட்டுகிறது, அடுத்த ரன்னில் (கணக்கீட்டுச் சுற்றில்) அதைத் துடைத்துவிடுகிறது. அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பதில் 1 – ஈரக்குமிழ்

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வெப்பநிலையோடு ட்யூ பாயிண்டையும் (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சேர்த்துப் பார்க்காமல் ஒப்பிட்டால் படம் தலைகீழாகிவிடும்.

வேலூரில் பிற்பகல் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வையுங்கள். ட்யூ பாயிண்ட் 17-ஐ ஒட்டி வரும். ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) சுமார் 25. அதே நேரம் சென்னைக் கடலோரத்தில் 36 டிகிரி, 60 சதவீதம். ட்யூ பாயிண்ட் 27, ஈரக்குமிழ் 29-க்கு மேல். வியர்வை ஆவியாகி உடம்பு குளிர்வதற்கு ஈரக்குமிழ்தான் எல்லை வகுக்கிறது. ஆக, ஐந்து டிகிரி குறைவாக இருக்கிற சென்னைதான் உடம்பை அதிகம் வாட்டுகிறது. வேலூரில் ஆபத்து வேறு மாதிரி. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், தாகம் எடுப்பதற்கு முன்பே உடலில் நீர் வற்றியிருக்கும்.

வெப்ப அலை என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட்டு, இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடியிருந்தால் வெப்ப அலை, அதற்கும் மேல் போனால் கடும் வெப்ப அலை. கடலோர நிலையத்துக்கு 37 டிகிரியும் இயல்பைவிட 4.5 கூடுதலும் போதும். இயல்பு என்னவாக இருந்தாலும் 45-ஐ எட்டினால் வெப்ப அலை, 47 என்றால் கடும் வெப்ப அலை. மே கடைசியில் வேலூரின் சராசரி உச்சமே 39-ஐ ஒட்டி இருப்பதால், அங்கே 41.5 வந்தாலும் அது வழக்கமான கோடைதான். நுங்கம்பாக்கத்துக்கு இயல்பு 37-ஐ ஒட்டி. அங்கே 42 பதிவானால் அது பெரிய செய்தி. இரண்டு ஊரை ஒப்பிடும்போது இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை ஒரு தனி நெடுவரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கருவியையும் பார்க்க வேண்டும். மரக்கூண்டுக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் வாக்கில், காற்றோட்டமான இடத்தில் இருக்கும் வெப்பமானியின் அளவை அதே மாதிரி நிலையத்தோடுதான் வைத்துப் பார்க்கலாம். தானியங்கி நிலையங்கள் தவறு செய்யும். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவாகி நாடு முழுக்கப் பரபரப்பானது. பிறகு சோதித்ததில் சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. இந்திய உச்சம் இன்றைக்கும் ராஜஸ்தான் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51.0 தான். ஒரு நிலையம் மட்டும் சுற்றுவட்டாரத்தைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் காட்டினால், அக்கம்பக்கத்து மூன்று நிலையங்களைப் பார்க்காமல் அதைச் சாதனைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

பதில் 2 – மேலடுக்கு_850

ஈரக்குமிழ் சொன்ன அதே இரண்டு எண்களிலிருந்து இடிமழைக்குள் போகலாம். வெப்பநிலைக்கும் ட்யூ பாயிண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் உருவாகும் என்று தோராயமாகத் தெரியும். வேலூர் 41-க்கு 17 என்றால் வித்தியாசம் 24, மேக அடி 3,000 மீட்டர். அங்கிருந்து விழும் மழை வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாதலால் குளிர்ந்து கனத்த காற்று சரிந்து விழுந்து புழுதியைக் கிளப்பும், மரத்தைச் சாய்க்கும். மழைமானியில் 2 மி.மீ. தேறினால் பெரிது. 41, 42 டிகிரி அடித்த நாளில் கண்டிப்பாக மழை கொட்டும் என்று பலர் எழுதுகிறார்கள். வெப்பம் மட்டும் போதாது. அதே வேலூருக்கு மாலையில் கடற்காற்று வந்து சேர்ந்து, 36 டிகிரிக்கு 23 ட்யூ பாயிண்ட் ஆனால் மேக அடி 1,600 மீட்டருக்கு இறங்கிவிடும். அப்போது வருவதுதான் நல்ல மழை.

அதனால் எல்லாமே கடற்காற்று எப்போது நுழைகிறது, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதில் வந்து நிற்கிறது. அதை ஆட்டி வைப்பது 850 மட்டத்தில் (காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கல்), அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேற்குக் காற்று. அது 10 முதல் 15 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்றால் நண்பகல் வாக்கில் கடற்காற்று சென்னைக்குள் வந்து, மாலைக்குள் காஞ்சிபுரம், அரக்கோணம் தாண்டும். 25 நாட்டுக்கு மேல் போனால் கடற்காற்று கரையிலேயே முடங்கும், அல்லது மூன்று மணிக்குத்தான் தலைகாட்டும். சென்னையின் உச்ச வெப்ப நாட்கள் எல்லாம் இப்படித் தாமதமான நாட்கள்தான். நுங்கம்பாக்கத்தின் 45.0, 2003 மே மாதக் கடைசியில் வந்தது. கத்திரியின் நடுவில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பருவமழை நெருங்கும்போது மேற்குக் காற்று வலுப்பதால்தான் கத்திரி முடிந்த பிறகும் சென்னைக்கு விடிவு இல்லை. கோவைக்கும் தென்காசிக்கும் அதே காற்று பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே ஈரத்தோடு வந்து குளிர்ச்சி தருகிறது. கிழக்கே வர வர அது காய்ந்து சூடேறுகிறது.

காலையில் பார்க்க வேண்டியவை: மீனம்பாக்கம், காரைக்கால் பலூன் ஏற்றங்கள் (பலூனில் கருவி அனுப்பி மேல்காற்றை அளப்பது). இந்திய நேரம் காலை 5.30 ஏற்றத்தின் வரைபடம் சில மணி நேரத்தில் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும். அதில் வரும் கேப் (மேலெழும் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல், ஜூல்/கிலோ) மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது விடியற்காலைத் தரை வெப்பநிலையில் கணக்கிட்டது. அன்றைக்கு எதிர்பார்க்கும் பிற்பகல் வெப்பநிலையையும் ட்யூ பாயிண்டையும் தரையில் போட்டுத் திரும்பக் கணக்கிட வேண்டும். மாலை 5.30 ஏற்றத்தில் வேறு சிக்கல். மீனம்பாக்கம் அதற்குள் கடற்காற்றுக்குள் போயிருக்கும், அடியில் குளிர்ந்த அடுக்கு மூடி போட்டிருக்கும். அதைப் பார்த்து வேலூருக்கு மழை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

திருத்திய கேப் 2,000-க்கு மேல், காற்றுப் பத்தியில் உள்ள மொத்த நீர் 50 மி.மீ.க்கு மேல், 700 மட்டத்தில் (சுமார் 3 கி.மீ. உயரம்) ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி, 850 மேற்குக் காற்று 20 நாட்டுக்குள். இந்த நான்கும் சேர்ந்தால் சித்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கம் மூன்று நான்கு மணிக்குச் செல்கள் (தனித்தனி இடிமேகங்கள்) முளைக்கும். ஜவ்வாது மலை, ஏலகிரி, நகரி மலை சரிவுகள்தான் வழக்கமான தொட்டில்கள். அவை சென்னைக்கு வருமா என்பதை 700 முதல் 500 மட்டம் வரையிலான (சுமார் 3 முதல் 6 கி.மீ. உயரம்) காற்று தீர்மானிக்கும். மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து 10, 15 நாட் இருந்தால் இரவு எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் நகரத்துக்கு வாய்ப்பு. கிழக்கிலிருந்து வீசினால் மழை கிருஷ்ணகிரி, தருமபுரிக்கு.

எங்கே சறுக்கும் என்றால், முந்தைய இரவு மழை விட்டுச்சென்ற உயர்மேகம் பதினொரு மணி வரை வெயிலை மறைத்தால் அன்றைய ஆட்டம் பெரும்பாலும் முடிந்தது. இரண்டு மணிக்கே திருவண்ணாமலையில் பெரிய செல் வெடித்து, அதன் குளிர்காற்று வடக்கே பரவினாலும் வேலூர், ராணிப்பேட்டை பகுதியின் வெப்பம் வீணாகும். ஆனால் அந்தக் குளிர்காற்று முனை கடற்காற்று முனையோடு மோதும் இடத்தில் புதுச் செல் கிளம்பும், அதை விடாமல் பாருங்கள்.

பருவமழை கேரளத்தில் தொடங்கிய பிறகு (இயல்பு ஜூன் 1, 2025-இல் மே 24-க்கே வந்தது) இன்னொரு அடையாளம் சேர்த்துக்கொள்ளலாம். வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம் அடைமழை என்றால் மேற்குக் காற்று முழு வீச்சில் இருக்கிறது, கிழக்குச் சமவெளி காயும். மலைத்தொடரில் மழை தளரும் நாட்களில்தான் நமக்கு மாலை மழை. வானிலை மைய அறிக்கையில் ‘மேற்கு திசை காற்றின் வேக மாறுபாடு காரணமாக’ என்று வந்தால் மேற்குக் காற்று ஓரிடத்தில் வேகம் குறைந்து குவிகிறது என்று அர்த்தம். அந்த வரி வந்த நாளில் ரேடாரைத் திறந்து வையுங்கள்.

பதில் 3 – ரேடார்_ராக்கோழி

ரேடார் பக்கம் மட்டும் சேர்க்கிறேன். சென்னைத் துறைமுக எஸ்-பேண்ட் (நீண்ட அலை) ரேடாரின் மேக்ஸ் இசட் படம்தான் (ஒவ்வோர் இடத்துக்கும் மேலே கிடைத்த மிக வலுவான எதிரொலி) முதலில். பிற்பகலில் கரைக்கு இணையாக மெல்லிய நீலக்கோடு ஒன்று உள்ளே நகர்வது தெரிந்தால் அதுதான் கடற்காற்று முனை. மழை அல்ல, முனையில் சேரும் பூச்சிகளும் காற்றின் அடர்த்தி மாற்றமும். மேகம் வெடிக்கப்போகும் இடத்தை அது ஒரு மணி நேரம் முன்பே காட்டும்.

செல் முளைத்ததும் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். படத்தின் மேலேயும் பக்கத்திலும் உயர வெட்டு இருக்கும். 45 டிபிஇசட்டுக்கு (எதிரொலி வலிமையின் அலகு) மேலான நிறம் 7, 8 கி.மீ. உயரம் வரை எட்டினால் மின்னல் உறுதி. இந்தப் பருவத்தில் உறைநிலை 5 கி.மீ. வாக்கில் இருப்பதால் அதைத் தாண்டிக் கனமான எதிரொலி போக வேண்டும். நகர்வேகத்தை அடுத்தடுத்த இரண்டு படங்களை வைத்துக் கணக்கிடாதீர்கள். அரை மணி இடைவெளியில் உள்ள இரண்டை எடுங்கள். இல்லாவிட்டால் செல் நகர்வதையும் முன்பக்கம் புதுச் செல் முளைப்பதையும் பிரிக்க முடியாது.

தூரம் கூடக் கூட ரேடார் கதிர் மேலே போய்விடும். அரை டிகிரிச் சாய்வில் வேலூர் மேல் சுமார் 2 கி.மீ., 150 கி.மீ. தூரத்தில் 2.6 கி.மீ., 250 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 6 கி.மீ. தருமபுரி அந்தக் கடைசி வரம்பில் வருகிறது. அங்கே ரேடாரில் மஞ்சள்தானே என்று விட்டுவிடாதீர்கள், கீழே என்ன நடக்கிறது என்பதே தெரியாது. பள்ளிக்கரணை எக்ஸ்-பேண்ட் (குறுகிய அலை) ரேடார் நகரத்துக்கு நுணுக்கமாகக் காட்டும். ஆனால் இடையில் ஒரு பெருமழைச் செல் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பது மங்கிவிடும். பின்னால் மழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, எஸ்-பேண்டில் சரிபாருங்கள்.

கொண்டல்_கிழக்கு

மிக்க நன்றி மூவருக்கும். அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று போட்டுவிட்டு மீனம்பாக்கத்தில் கொட்டித் தீர்த்தால் கணிப்பு பொய்த்தது என்று சொல்லலாமா? அப்புறம், வீட்டு மாடியில் மழைமானி வைத்தால் அந்த அளவை இங்கே பதியலாமா?

பதில் 4 – ஈரக்குமிழ்

பொய்த்தது ஆகாது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பெய்யும். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 சதவீதம், ‘பல இடங்களில்’ 75 வரை, ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். அது பரப்பைப் பற்றிய சொல், அளவைப் பற்றியது அல்ல. அளவுக்குத் தனி வகைகள்: 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. 2023 ஜூன் 18 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை பெய்ததில் மீனம்பாக்கம் மிகக் கனமழை வரம்பைத் தாண்டியது. ஜூனிலும் அது நடக்கும்.

மாடி அளவு தாராளமாகப் பதியலாம், மாடி என்று குறிப்பிட்டுவிட்டு. கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரோ தொட்டியோ எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். மாடியில் காற்றுச் சுழற்சியால் சூறைக்காற்று மழையில் அளவு குறைத்துத்தான் காட்டும், தரையில் வைக்க இடம் இருந்தால் விளிம்பு 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள புனல் என்றால் 20 மில்லி நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. வேறு விட்டம் என்றால் வாய்ப் பரப்பைச் சதுர செ.மீ.யில் கணக்கிட்டு, சேர்ந்த மில்லியை அதனால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள்.

காலை 8.30-க்கு அளந்து அந்தத் தேதியில் எழுதுங்கள். நேற்று இரவு பத்து மணிக்குப் பெய்தது இன்றைய தேதிக் கணக்கில்தான் வரும். இடி கேட்கும்போது அளக்க மாடிக்குப் போக வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் கேட்டால் நீங்கள் மின்னல் தாக்கக்கூடிய எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துப் போனாலும் பாத்திரத்தில் உள்ள தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைக் கைபேசியில் போட்டுவையுங்கள்.

பதில் 5 – மேலடுக்கு_850

மாடல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கி.மீ., அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் 13 கி.மீ. ஒரு இடிமேகச் செல்லின் மையமே ஐந்தாறு கி.மீ. அகலம்தான் என்பதால் அந்தக் கட்டங்களால் அதை நேரடியாகப் பார்க்க முடியாது, தோராயமாக உருவகிக்கின்றன. அதனால்தான் காஞ்சிபுரத்தின் 5 செ.மீ. அடுத்த ரன்னில் காணாமல் போகிறது. அதே மாடல்களின் 850 காற்றும் 700 ஈரப்பதமும் இரண்டு மூன்று நாளுக்கு நன்றாகவே நிற்கும். மழை வரைபடத்தை மூடிவிட்டு அந்த இரண்டையும் திறங்கள். காற்று 20 நாட்டுக்குக் கீழே இறங்கும் நாளைக் குறித்துவைத்து, அன்று காலை ஏற்றத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.