சோறு வைத்தால் எலி வருகிறது: லண்டன் குளிரில் தோட்டத்துக் குருவிகளுக்கு என்ன கொடுப்பது?

கோவில்பட்டி டீச்சர் (டிசம்பர் 8)

வணக்கம். லண்டனில் ஹாரோ பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். வந்து பதினான்கு மாதம் ஆகிறது. 31 ஆண்டு கணக்கு டீச்சராக இருந்தவள்; கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் உலையிறக்கியதும் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் இலை போடுவார்கள். இங்கே வந்தும் அதை நான் விடவில்லை. பின்தோட்டத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. அதன்மேல் வைப்பேன். கோடையில் காக்கை வந்தது. நம் ஊர்க் காக்கைக்கு உள்ள சாம்பல் கழுத்து இதற்குக் கிடையாது. அலகு முதல் வால் வரை கறுப்பு, அண்டங்காக்கை போல. கூப்பிட்டால் வருவதும் இல்லை. நான் "கா, கா" என்று கூப்பிட்ட அன்று, பக்கத்து வீட்டுச் சன்னலில் திரை விலகியதுதான் மிச்சம்.

நவம்பரில் காக்கையைக் காணவில்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கொழுத்த புறாக்கள் வந்து மொத்தத்தையும் காலி செய்தன. அதன் பின்னால் எலி வந்தது. பட்டப்பகலில், கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவே, வாடகை கொடுத்துக் குடியிருப்பது போல நிதானமாக நடந்து போனது. பக்கத்து வீட்டுக்காரர் கதவில் ஒரு சீட்டு செருகிவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், அதனால்தான் கூடுதலாகக் கூசியது. "இனி ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது அம்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் சொல்வது நியாயம்தான்.

ஒரு வாரமாக வைக்கவில்லை. ஆனால் நெஞ்சு சிவந்த ஒரு குருவி (ராபின் என்று பேரன் சொன்னான்) தினமும் காலையில் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளில் வந்து உட்கார்ந்துகொண்டு சமையலறையையே பார்க்கிறது. நேற்றுப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அது இறகையெல்லாம் உப்பவைத்து, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு எலுமிச்சம்பழம் போல உட்கார்ந்திருந்தது. கையில் இட்லியோடு நின்ற எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

என் கேள்விகள் இவைதான். எலியும் புறாவும் வராமல் இந்தச் சின்னதுகளுக்கு எப்படித் தீனி வைப்பது? கடையில் கொழுப்பு உருண்டை விற்கிறார்கள். அட்டையைத் திருப்பினால் மாட்டுக் கொழுப்பு என்றிருக்கிறது. அது எங்கள் வீட்டுக்குள் வராது. அது இல்லாமல் முடியுமா? பேரன் மிக்சர் வீசுகிறான், சரியா? தண்ணீர்ச் சட்டி விடிவதற்குள் கண்ணாடியாகிவிடுகிறது. கல் உப்புப் போட்டால் உறையாது என்கிறார் மருமகன்.

வடலி (டிசம்பர் 8)

ரீச்சர் (யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்), முதலில் மருமகனின் கையிலிருந்து உப்பை வாங்கி வையுங்கள். பேரனின் மிக்சரையும்தான். இந்தச் சிறிய உடம்புகளுக்கு உப்பு நஞ்சு. சட்டி உறைந்தால் வெந்நீர் ஊற்றி இளக்குங்கள், கொதிநீர் வேண்டாம். தண்ணீரில் ஒரு சிறு பந்தைப் போட்டு வைத்தால், காற்றில் அது அசைந்துகொண்டே இருக்கும். இலேசான பனிக்கு அதுவே போதும்.

நான் விம்பிள்டனில் 1991 முதல் இருக்கிறேன். ஆரம்பத்தில் குளிர்தான் இவற்றைக் கொல்கிறது என்று நினைத்திருந்தேன். குளிரைவிட இரவின் நீளம்தான் பெரிய எதிரி. இந்த மாதம் இங்கே எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. பதினாறு மணி நேரப் பட்டினி. நீலச் சிட்டு, அதாவது புளூ டிட், மொத்தமே பதினொரு கிராம்தான் இருக்கும். பகலில் சேர்த்த கொழுப்பை இரவெல்லாம் எரித்துத்தான் அது உயிரோடு விடிகிறது. மறுநாள் எட்டு மணிக்கு மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே விடிந்தவுடன் ஒரு தரம், மதியம் இரண்டு மணிவாக்கில் ஒரு தரம் என்று வையுங்கள். இருட்டும்போது தரையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. எலி வருவது அந்த மிச்சத்துக்குத்தான்.

சோறு பாவமில்லை. உப்பில்லாத சோற்றை எந்தப் பறவையும் தின்னலாம். பச்சையரிசி வயிற்றில் உப்பி வெடிக்கும் என்பது வெறும் கதை. ஆனால் சோற்றில் கொழுப்பு இல்லை, புறாவுக்குத்தான் அது கொண்டாட்டம். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு வாங்குங்கள். தோல் குப்பை கீழே விழாது, மாட்டுக் கொழுப்புப் பிரச்சினையும் இல்லை. அதோடு உப்புப் போடாத, வறுக்காத கச்சான். உங்கள் ஊரில் கடலை. கோவில்பட்டிக்காரருக்குக் கடலையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. பூஞ்சை பிடித்ததைக் கண்டால் தள்ளிவிடுவீர்கள், இங்கேயும் அதே விதிதான். கம்பிவலைக் குழாயில் போட்டுத் தொங்கவிடுங்கள். கொத்திக் கொத்தித்தான் தின்ன முடியும், முழுக் கொட்டையை இழுத்துப் போக முடியாது. வெளியே இன்னொரு கம்பிக்கூண்டு போட்ட குழாயும் கிடைக்கிறது. புறா நுழையாது.

கிளியும் நுழையாது. ஆம், கிளி. நம் ஊர்ப் பச்சைக்கிளிதான், ஆணுக்குக் கழுத்தில் ரோசா வளையத்தோடு. கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, 1970கள் முதல் இந்த நாட்டில் குஞ்சு பொரிக்கின்றன. ஹாரோவிலும் இருக்கும், காதைத் தீட்டிக் கேளுங்கள். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒரு குழாய் கச்சானை அரை நாளில் முடித்துவிடும்.

ராபின் மட்டும் தொங்குகிற குழாயில் தடுமாறும், அது தரையில் பொறுக்குகிற சாதி. சுவர்மேல் ஒரு சிட்டிகை பருப்பு, தண்ணீரில் ஊறவைத்த முந்திரி வற்றல் (உங்கள் ஊரில் உலர் திராட்சை) நான்கு, அவ்வளவு போதும். (வீட்டில் நாய் இருந்தால் முந்திரி வற்றல் வேண்டாம், நாய்க்கு அது ஆபத்து.) உலர்ந்த மாப்புழு விற்கிறார்கள்; ஊறவைத்துக் கொடுத்தால் ராபினுக்கு அதைவிட விருந்து இல்லை.

கடைசியாக, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008 குளிர்காலத்தில் என் தோட்டத்தில் பலகைத் தட்டு ஒன்று இருந்தது. பழையதைத் துடைக்காமல் மேலே மேலே பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை அதில் ஒரு கிரீன்ஃபின்ச் இருந்தது. பாசிப்பச்சைக் குருவி. அலகைச் சுற்றி ஈரம், தொண்டை ஏறி இறங்குகிறது, பருப்பை வாயில் எடுக்கிறது, விழுங்க முடியாமல் உமிழ்கிறது. நான் கைநீட்டும் தூரத்துக்குப் போயும் அது பறக்கவில்லை. மதியம் கீழே கிடந்தது. அந்த வாரத்தில் நான்கு. ட்ரைக்கோமோனோசிஸ் என்ற தொண்டை நோய். புறாக்களிடம் முன்பே இருந்தது, 2005வாக்கில் இந்தக் குருவிகளுக்குத் தாவியது. எச்சில் வழியாகத் தீனியிலும் தண்ணீரிலும் பரவும். 2021இல் கிரீன்ஃபின்ச் பிரிட்டனின் அபாயச் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது. இந்த நோயை முன்னிட்டு, பறவைகளுக்கான பெரிய சங்கமான ஆர்.எஸ்.பி.பி. 2025 ஜனவரியில் தட்டையான தீனிமேசை விற்பனையை நிறுத்தி வைத்தது. எனவே தட்டு வேண்டாம். சுவரில் வைப்பதையும் தின்று முடித்ததும் துடையுங்கள். குழாயை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். காய்ந்தால் அந்தக் கிருமி சாகும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். நோய்ப்பட்ட பறவையைக் கண்டால் எல்லாவற்றையும் சில வாரம் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஸ்காபரோ சித்தப்பா (டிசம்பர் 9)

நாங்கள் இருப்பது கனடா. உங்கள் உறைபனியைப் பார்த்தால் எங்களுக்கு வசந்தம் போல இருக்கிறது டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். கழித்தல் இருபதிலும் என் வீட்டுக்கு சிக்கடீ வருகிறது, கறுப்புத் தொப்பி போட்ட சிட்டு. இரவில் தன் உடல் சூட்டையே பத்து டிகிரிக்கு மேல் இறக்கிக்கொண்டு தூங்கும். பகலில் விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைக்கும், வைத்த இடம் மறக்காது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை: சன்னல் கண்ணாடி. குழாயைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் தொங்கவிடுங்கள், அல்லது பத்து மீட்டர் தள்ளி. நடுவில் வைத்தால் பதறிப் பறக்கும் வேகத்தில் கண்ணாடியில் மோதிச் செத்துப்போகும்.

வடலி அண்ணை, மாட்டுக் கொழுப்பு கூடாது, புழு கூடுமா? சும்மா கேட்டேன்.

இலைக்குப்பை (டிசம்பர் 9)

லெஸ்டரிலிருந்து. எல்லோரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டாமல் இருப்பதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். சுவரில் ஐவிக் கொடி படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மற்ற பழமெல்லாம் தீர்ந்த பிறகு, குளிர்காலக் கடைசியில்தான் அது பழுக்கும். உதிர்ந்த ஆப்பிளைப் பொறுக்காதீர்கள், பிளாக்பேர்டு என்ற கறுப்புக் குருவி தின்னட்டும். சருகைக் கூட்டி மூட்டை கட்டாமல் வேலியோரம் தள்ளுங்கள், அதற்குள் பூச்சி இருக்கும். கூடுபெட்டி மாட்டுவதானால் இப்போதே மாட்டுங்கள், இரவில் ஒடுங்க உதவும். 1969இல் நார்ஃபோக்கில் ஒரே பெட்டிக்குள் 61 ரென் குருவிகள் ஒடுங்கியிருந்ததை எண்ணியிருக்கிறார்கள். ஒரு ரென் பத்து கிராம்கூடத் தேறாது; நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால்தான் சூடு.

கோவில்பட்டி டீச்சர் (டிசம்பர் 29)

நடந்ததைச் சொல்ல வந்தேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், என்ன செய்யப்போகிறேன் என்று பேரனை மொழிபெயர்க்க வைத்துச் சொன்னேன். எலி கண்ணில் பட்டால் அன்றே நிறுத்திவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

கம்பிக்கூண்டுக் குழாய் ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். சன்னலிலிருந்து அளவுநாடா பிடித்து எண்பது சென்டிமீட்டரில் மாட்டினேன். நான்கு நாள் ஒரு ஈ காக்கை வரவில்லை. ஐந்தாம் நாள் நீலச் சிட்டு ஒன்று வந்தது. தலைகீழாகத் தொங்கி ஒரு பருப்பை எடுத்துக்கொண்டு செடிக்குள் போய், காலால் அழுத்திப் பிடித்துக் கொத்தியது. மறுநாள் ஆறு.

துருவுவதற்கு வாங்கிய தேங்காயில் ஒரு மூடியை, உள்ளே தேங்காய்த் தண்ணீர் ஒட்டியிராமல் கழுவி, கண்ணில் துளைபோட்டுக் கயிறு கோத்துத் தொங்கவிட்டேன். மருமகன்தான் துளை போட்டார். உப்பு விஷயத்தில் தோற்றதை அதில் சரிக்கட்டிக்கொண்டார். பருப்பைக் கொத்திக் கொத்திக் கொட்டாங்கச்சியின் ஒரு பக்கம் தெரிகிறது. உலர்ந்த தேங்காய்த்தூள் கொடுக்கக்கூடாதாம், வயிற்றில் உப்பும் என்று பாக்கெட்டு விற்ற கடைப் பெண் சொன்னாள். இதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

சித்தப்பா, புழுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். புழு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, கொட்டகையில் டப்பாவில் இருக்கிறது.

கிளி வந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலை, மூன்று. சத்தம் கேட்டுப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கூண்டுக்குள் அலகு எட்டாமல் கோபித்துக் கத்திவிட்டுப் போயின. கோவில்பட்டி வேப்பமரத்தில் கேட்ட அதே கீச்சு. நான் ஏன் அழுதேன் என்று பேரனுக்குப் புரியவில்லை. அன்று இரவு ஊருக்குப் போன் போட்டுத் தங்கையிடம் சொன்னேன், அவளும் நம்பவில்லை.

ஜனவரிக் கடைசி வாரக் கணக்கெடுப்புக்குப் பேரன் என் பெயரைக் கொடுத்துவிட்டான். ஆர்.எஸ்.பி.பி. 1979 முதல் நடத்துகிறதாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வோர் இனத்திலும் ஒரே சமயத்தில் கண்ட அதிக எண்ணிக்கையை எழுத வேண்டும். வந்ததையே திரும்பத் திரும்பக் கூட்டக்கூடாது. நல்ல விதி, என் ஏழாம் வகுப்புக்கு இதைக் கொடுத்திருக்கலாம்.

சந்தேகம் இரண்டு. தாழ்ப்பாள் ராபினோடு இன்னொரு ராபின் வந்து, இரண்டும் இறகு பறக்கச் சண்டையிட்டன. சோடி இல்லையா? அடுத்து, அடுத்த மாதம் தை அமாவாசை. அவருக்குப் படைத்துவிட்டுக் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? மகளிடம் இன்னும் கேட்கவில்லை.

வடலி (டிசம்பர் 29)

சோடி இல்லை ரீச்சர். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி எல்லை பிடித்துக் காவல் காக்கும். சிட்டிகையை இரண்டாகப் பிரித்துச் சுவரின் இரண்டு முனையிலும் வையுங்கள்.

அமாவாசைக்கு ஒரு பிடி வையுங்கள். உப்பில்லாத வெறும் சோறு, பகல் பன்னிரண்டு மணிக்கு. அரை மணி நேரம் சன்னலில் நின்று பாருங்கள். வராவிட்டால் எடுத்துவிட்டுச் சுவரைத் துடையுங்கள். இங்கத்தைக் காக்கை ஆளில்லாதபோதுதான் இறங்கும். எனவே "கா, கா" வேண்டாம், திரைக்குப் பின்னால் நில்லுங்கள்.