பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் ஆப்: எது, எப்படி, எவ்வளவு நேரம்?

தேன்சிட்டு:
மகளுக்கு 7 வயது, மகனுக்கு 13. பரீட்சை நெருங்கினால் அவர்களோடு சேர்த்து எனக்கும் பதற்றம். மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சு, ஓசை என்று ஒன்றில் மனதை வைத்துக் கவனிக்கும் பயிற்சி) ஆப் எதையாவது வைத்துக்கொள்ளலாமா? காசு கட்டித்தான் ஆகவேண்டுமா? தினம் எத்தனை நிமிடம்? ஆங்கிலக் குரல் சின்னவளுக்குப் புரிவதில்லை, அதற்கு என்ன வழி?

வேப்பநிழல்:
காசு கட்ட வேண்டியதில்லை. ஸ்மைலிங் மைண்ட் ஆஸ்திரேலியாவில் லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்தும் இலவச ஆப். வயதுவாரியாகப் பயிற்சிகள் இருக்கின்றன. ஹெட்ஸ்பேஸ், காம் இரண்டும் சந்தா கேட்பவை.

மொழிக்கு வழி இதுதான்: முதல் வாரம் நீங்கள் மட்டும் கேளுங்கள். படிகள் மனதில் பதிந்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, உங்கள் குரலிலேயே தமிழில் சொல்லிக் கொடுங்கள். அம்மா அப்பா குரலுக்குக் குழந்தை அடங்குவதுபோல் எந்த ஆப்புக்கும் அடங்காது.

சின்னவளைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின்மேல் ஒரு சின்னப் பொம்மையை வையுங்கள். மூச்சை இழுத்தால் பொம்மை ஏறும், விட்டால் இறங்கும். மூன்று எண்ணும்வரை மூக்கால் இழுக்கட்டும், நான்கு எண்ணும்வரை விடட்டும். பத்து முறை செய்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்; அந்த வயதுக்கு அதில் தொடங்கினால் போதும். உங்களுக்கு நான்கு இழுத்து ஆறு விடுவது சரி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது, அதனால்தான் விடுவதை நீளமாக வைக்கிறோம்.

“நல்லா ஆழமா இழு” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் புஸ்புஸ்ஸென்று வேகமாக இழுத்து விடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள்.

வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சைக் கவனிப்பதே பயமாகிவிடலாம். எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, ஓசை முழுதாக அடங்கியதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். அதுவும் கவனப் பயிற்சிதான்.

கடலோரம்:
அழுது ஆர்ப்பாட்டம் நடக்கும்போது ஆப்பைத் திறக்காதீர்கள். அப்போது எதுவும் காதில் ஏறாது. தவிர, அழுதால் போன் கிடைக்கும் என்று குழந்தை படித்துக்கொள்ளும். சாதாரண நாளில், விளக்கு அணைக்கும் முன் என்று ஒரே நேரமாக வைத்துப் பழக்குங்கள். ஒன்றிரண்டு வாரம் பழகிய பிறகுதான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

போனில்: தானாக அடுத்தது ஓடுவதையும் அறிவிப்புகளையும் அணையுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் என்று கணக்குக் காட்டும் வசதி இருந்தால் அதையும். ஒருநாள் விட்டுப்போனதற்கே தேம்பும் பிள்ளைகள் உண்டு. திரையைக் குப்புற வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள்.

இலவச சோதனைக் காலத்தில் சேர்ந்திருந்தால், ஆப்பை அழிப்பதால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ஐபோனில் என்றால் காலம் முடிய 24 மணி நேரம் முன்பாவது செய்யவேண்டும்.

தேன்சிட்டு:
பொம்மை யோசனைக்கு நன்றி. பெரியவன் “இதெல்லாம் போர்” என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

வேப்பநிழல்:
வேண்டாம். பிரிட்டனில் மிரியட் என்ற பெரிய ஆய்வு எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள் 8,000 பேருக்கு மேல் வைத்து நடந்தது. முடிவு 2022இல் வந்தது: வகுப்புக்கே மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் நடத்தியதால் வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் இல்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஆனால் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களின் சோர்வு, சிறிது காலத்துக்காவது, குறைந்தது. ஆகவே நீங்கள் செய்யுங்கள், அவன் பார்க்கட்டும். அவனுக்குக் கண்மூடி உட்காருவதைவிட நடை ஒத்துவரும்: மொட்டைமாடியில் செருப்பில்லாமல் மூன்று நிமிடம், பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து.

கடலோரம்:
இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால் ஆப்பை நம்பி நாள் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். “செத்துப்போகலாம்” என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே, தனியாக விடாமல். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பெற்றோர் தங்களுக்காகவும் அழைக்கலாம்.